அமுது செய்தருளிய வரலாறு

திருவிழாக் காலத்தில் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் தீபாராதனை கண்டு, வலம் வந்து, பின்னர் மடைப்பள்ளிப் பக்கம் திரும்புவது இயல்பு. தொன்னையில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலோ, சுண்டலோ, அல்லது ஒரே ஒரு வாழைப்பழமோ கையில் கிடைக்கிறது. கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்கிறோம். சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நெய் குறைவு என்றுகூடச் சிலர் பேசிக்கொள்கிறோம். இராசகோபுரத்தை யார் எடுப்பித்தார், தேர் எப்போது செய்யப்பட்டது என்று கேட்டறியும் நாம், தொன்னையில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டா என்று கேட்பதில்லை. காவிரி பாயும் இச்சோழநாட்டில் அந்த வரலாறு மிகப் பெரிது. சுவையானது, ஓரிடத்தில் நெஞ்சை உறுத்துவதும் ஆகும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் முன்னோர் இறைவனுக்குப் படைப்பதைக் கல்லில் எழுதும்போது வெறும் உணவாக எழுதவில்லை. எல்லாம் அமுது. கறி கறியமுது, நெய் நெய்யமுது, தயிர் தயிரமுது, பாக்கு அடைக்காயமுது, வெற்றிலை இலையமுது. இறைவன் உண்டான் என்று எழுதாமல், அமுது செய்தருளினான் என்றே எழுதினர். வைணவ அன்பர் இல்லங்களில் இரசத்தைச் சாற்றமுது என்று இன்றும் வழங்குவது இம்மரபின் எச்சமே.

இனித் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோம். முதலாம் இராசராச சோழன் 1010-ஆம் ஆண்டில் விமானத்துக்குப் பொற்கலசம் ஈந்து நிறைவு செய்த அத்திருக்கோயிலின் கல்வெட்டுகளில், பொன்னும் முத்தும் பவழமும் பட்டியலிடப்பட்டிருப்பதை வரலாற்று நூலார் வியந்து எழுதியுள்ளனர். நாம் வியப்பது ஒரு வாழைப்பழக் கணக்கை. ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்வதற்காக மன்னன் 360 காசு வைப்பாக வைத்தான். அந்தக் காசைக் கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. நித்தவிநோதப் பெருந்தெரு, மும்முடிச்சோழப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்றெல்லாம் பெயர் கொண்ட தஞ்சை அங்காடிகளின் வணிகர் கையில் கொடுத்தான். அவர்கள் அதை முதலாகக் கொண்டு வாணிகம் செய்யலாம். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. அந்த வட்டியைப் பழமாகக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அக்காலக் கணக்கரின் திறம் புலனாகும். 360 காசுக்கு எட்டில் ஒன்று 45 காசு. காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்பது அன்றைய விலை. ஆக 45 காசுக்கு 54,000 பழம். அதை நாளொன்றுக்கு 150 வீதம் பகுத்தால் 360 நாள். ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆண்டின் எஞ்சிய ஐந்து நாளில் பிள்ளையார் என்ன செய்தார் என்று குறும்பாகக் கேட்கத் தோன்றும். கணக்கர் ஆண்டை 360 நாளாகவே கொண்டனர். ஆனைமுகத்தவரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும்.

பெருவேந்தன் ஒருவன், கடல் கடந்து ஈழம் வென்றவன், ஒரு வாழைப்பழத்தின் விலையைக் கேட்டறிந்து கல்லில் வெட்டச் செய்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பழம் மட்டுமன்று. திருமஞ்சன நீரில் மணம் சேர்க்க ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் வாங்குவதற்கும் இவ்வாறே தனித்தனி வைப்பு இருந்தது. சோற்றுக்கு அரிசி என்று பொதுவாகச் சொல்லி விடாமல், பழவரிசி வேண்டும் என்று எழுதினர். புது நெல்லின் அரிசி குழையும். ஓராண்டு இருந்த நெல்லின் அரிசி உதிரியாக வரும், பானையில் பெருகும். தஞ்சை மாவட்டத்து மூதாட்டியர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வர். நெல் ஐந்துக்கு அரிசி இரண்டு என்னும் விழுக்காடும் அக்கல்வெட்டுகளில் உண்டு. உமியும் தவிடும் நொய்யும் போக, இறைவன் திருமுன் ஏறத்தகுந்த முழு அரிசிக்கு அவர்கள் வகுத்த அளவு அது.

இத்தகைய நிவந்தங்கள் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்கவேண்டும் என்பது மரபு. நடந்தனவா? நடக்கவில்லை. சோழர் ஆட்சி 1279-ஆம் ஆண்டளவில் முடிந்தது. பாண்டியர் வந்தனர், 1311-இல் மாலிக் காபூரின் படை தமிழகத்துள் புகுந்தது, பின் நாயக்கரும் மராட்டியரும் தஞ்சையில் அமர்ந்தனர், 1855-இல் மராட்டிய அரசும் ஆங்கிலேயர் வசமாயிற்று. நித்தவிநோதப் பெருந்தெருவின் வணிகர் எங்கே, அவர்கள் கையிலிருந்த 360 காசு எங்கே? கல் இருக்கிறது, பழம் நின்றுபோயிற்று. மறைமலையடிகள் காலந்தொட்டு இன்றுவரை கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமை பேசாத சைவ மேடை இல்லை. ஆயினும் அதே காவிரிக்கரையில், ஒரு காலப் பூசைக்கே அரசின் உதவித்தொகையை எதிர்பார்த்து நிற்கும் பழைய திருக்கோயில்கள் பல என்பதையும் அம்மேடையிலேயே சொல்லவேண்டும் என்பது நம் கருத்து.

காசு வைத்துப் போனவன் வாக்கு இவ்வாறாயிற்று. காசே இல்லாத ஒருவர் கொண்டுவந்த அமுது என்னவாயிற்று என்று இனிப் பார்ப்போம்.

திருத்துறைப்பூண்டிக்கு அண்மையில் தண்டலைச்சேரி என்னும் பதி. திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தண்டலை நீள்நெறி அதுவே. அதற்கு அருகிலுள்ள கணமங்கலத்தில் தாயனார் என்னும் வேளாளர் வாழ்ந்தார். நாள்தோறும் இறைவனுக்குச் செந்நெல் அரிசிச் சோறும் செங்கீரையும் மாவடுவும் படைப்பது அவர் தொண்டு. இம்மூன்றையும் பாருங்கள், அன்பர்களே. பாலும் தேனும் இல்லை. பொற்கலத்தில் அக்காரம் இல்லை. வயல், வரப்போரத்துக் கீரைப்பாத்தி, தோப்பு ஆகிய மூன்றும் உள்ள எந்தக் குடியானவன் வீட்டிலும் உச்சிப்பொழுதில் இருப்பது இந்த உணவுதான். தாம் விரும்பி உண்பதையே அவர் தம் பெருமானுக்கும் விரும்பினார்.

செல்வம் தேய்ந்தது. தாயனார் பிறர் வயலில் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகச் செந்நெல் கிடைத்தால் அது இறைவனுக்கு. கார்நெல் கிடைத்தால் தமக்கு. பின்னர் எங்கு அறுக்கப் போனாலும் செந்நெல்லே கூலியாக வந்தது. பிறர் மகிழ்வர். தாயனாருக்கோ அதனால் வீட்டில் அடுப்பு அணைந்தது. எல்லாம் இறைவனுக்கென வைத்து, மனைவியார் கொல்லையில் பறித்த கீரையை உண்டார்; கீரையும் தீர்ந்தபின் நீரைப் பருகினார். ஒருநாள் அமுதைக் கூடையில் சுமந்து வயல்வழி செல்கையில் பசியால் கால் தளர்ந்தது. சோறும் கீரையும் மாவடுவும் நிலத்து வெடிப்பில் சிந்தின. இறைவனுக்கு உரியது மண்ணில் போயிற்றே என்று, கையிலிருந்த அரிவாளைத் தம் கழுத்தில் பூட்டி அறுக்கத் தொடங்கினார். அப்போது நிலவெடிப்பிலிருந்து ஒரு திருக்கரம் எழுந்து அவர் கையைப் பற்றியது. கூடவே மாவடுவைக் கடிக்கும் விடேல் என்னும் ஓசையும் எழுந்தது. அன்றுமுதல் அவர் அரிவாட்டாய நாயனார்.

இதனை வெறுங்கதை என்பார் நாட்டை அறியாதவர். சுந்தரர் எட்டாம் நூற்றாண்டளவில் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயர் சுட்டி வணங்கினார். நம்பியாண்டார் நம்பி விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் முழுதும் பாடினார். நானூறு ஆண்டு நாவிலும் ஏட்டிலும் நின்ற நினைவு இது. நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்று. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கும். அதன்பின் வாய்க்காலில் நீர் வற்ற, கீழைத்தஞ்சையின் களிமண் வயல்கள் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மாமரத்தில் வடு உதிர்வதும் மாசி, பங்குனியிலேதான். அரிவாளும் வெடிப்பும் மாவடுவும் ஒருசேரக் காணப்படும் காலம் ஆண்டில் அது ஒன்றே. சேக்கிழார் தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் பிறந்தவர். ஆயினும் காவிரிக் கழனியின் பருவம் அவர் பாட்டில் பிசகவில்லை. ஊறுகாய்ச் சாடியிலிருந்து மாவடு எடுத்துத் தயிர்ச்சோற்றோடு கடிக்கும்போதெல்லாம் அந்த விடேல் என்னும் ஓசை நம் செவியில் விழவேண்டும்.

இனி நெஞ்சை உறுத்துவது. நாயனார் அறுவடைக் கூலிக்காரராக இருந்தார். அவர் கையாலேயே இறைவன் அமுது செய்தான். அப்படியிருக்க, இதே நாட்டில், இதே வயல்களில் நாற்று நட்டு, களை பறித்து, நெல்லறுத்த எத்தனையோ ஆயிரவர், தாம் விளைத்த நெல் எந்தத் திருமுன் படைக்கப்பட்டதோ அந்தத் திருமுன் நிற்க முடியாதவராய்ப் பல நூற்றாண்டு வெளியே நிறுத்தப்பட்டனர். நெல் உள்ளே சென்றது. நெல்லை விளைத்தவர் மதிலுக்குப் புறத்தே நின்றனர். அரிவாட்டாயர் புராணத்தை ஆண்டுதோறும் விரித்துரைத்த நாவலரும் இதனைப் பேசாமல் கடந்தனர். 1939-ஆம் ஆண்டில்தான் தஞ்சை அரண்மனைத் தேவஸ்தானத்தைச் சேர்ந்த திருக்கோயில்கள், பெரிய கோயில் உள்பட, எல்லார்க்கும் திறக்கப்பட்டன. பரம்பரை அறங்காவலராய் இருந்த தஞ்சை இளவரசர் அதனைத் தாமே முன்வந்து செய்தார், காந்தியடிகள் பாராட்டினார். பெரிய கோயில் எழுந்து 929 ஆண்டு கழித்து நிகழ்ந்தது இது. அமுதுபடியின் வரலாற்றில் இராசராசனின் 1010-ஆம் ஆண்டுக்கு நிகராக இந்த 1939-ஆம் ஆண்டையும் வைத்து எண்ணுவதே நேர்மை.

கையால் செய்யும் தொண்டு எத்தகையது என்பதற்குத் திருவீழிமிழலையில் இன்னொரு சான்று உண்டு. கும்பகோணத்திலிருந்து பூந்தோட்டம் செல்லும் பக்கத்தில் உள்ள பதி. நாட்டில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் அங்கே தனித்தனி மடத்தில் அடியார்க்கு அமுதளித்தனர். இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான்; கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. ஆனால் அப்பர் மடத்தில் உரிய பொழுதில் இலை விரிந்தது. சம்பந்தர் மடத்தில் பொழுது சாய்ந்தது. காரணம் கேட்டார் பிள்ளையார். நம் காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர், அரசர் காசை அவ்வாறு கேளாமல் வாங்குகின்றனர் என்றனர் மடைத்தொழில் செய்வோர். வாசி என்பது நாணயம் மாற்றுகையில் மாற்றுக்குறைவுக்காகப் பிடிக்கும் கழிவு. உலகில் எந்தச் சமயத்தின் புராணத்திலேனும் கடவுள் தந்த காசுக்குக் கடைக்காரன் வட்டம் பிடித்த செய்தி உண்டோ, நாம் அறியோம்.

வேறுபாடு ஏன்? அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். ஆதலின் அவர் காசு வாசியற்றது என்று சேக்கிழார் விளக்கம் தருகிறார். ஞானப்பால் உண்ட பிள்ளையாரே இதனை உணர்ந்து, வாசி தீர்க்கும்படி வேண்டிப் பதிகம் பாடி நற்காசு பெற்றார். அந்த இரு பீடங்களையும் திருக்கோயிலில் காட்டுவர். திருவீழிமிழலைக்குச் செல்லும் அன்பர்கள் அங்கே சற்று நின்று, புல் செதுக்கிய கையின் காசு எந்தப் பக்கத்துப் பீடத்தில் வைக்கப்பட்டது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டுகிறோம்.

மார்கழித் திருவாதிரைக் களியும் உழைத்துண்ட ஒருவரின் அடுப்பில் பிறந்ததுதான். சேந்தனார் ஒன்பதாம் திருமுறையில் திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி ஆகிய சோழநாட்டுப் பதிகளைப் பாடியவர்; தில்லைக்குத் திருப்பல்லாண்டு பாடியவரும் அவரே. அவர் விறகு விற்று வாழ்ந்தார் என்பதும், நாளும் ஓர் அடியார்க்கு அமுதிட்டே உண்டார் என்பதும் மரபு. மழை பெய்து விறகு நனைந்த ஒருநாள் அது விற்கவில்லை. இருந்த மாவைக் களியாகக் கிண்டி வைத்துக் காத்திருந்தார். வந்த அடியார் உண்டு, எஞ்சியதையும் கேட்டுக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் கூத்தப்பெருமான் திருமுன் களி சிந்திக் கிடந்ததாம். இன்று நம் வீடுகளில் அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் ஏலமும் நெய்யும் சேர்த்துச் செய்யும் களி, சேந்தனார் கிண்டியதைவிடப் பன்மடங்கு செல்வமுடையது. அந்நாளில் அவரிடம் நெய் ஏது? இக்களிக்கு எந்த அரசனும் வைப்பு வைக்கவில்லை; எந்த அங்காடியும் பொறுப்பேற்கவில்லை. ஒரு மார்கழியும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

களியோடு ஏழுகறிக் குழம்பும் வைப்பர். நாட்டுக்காய்களே இடவேண்டும் என்று முதியோர் கண்டிப்பாகச் சொல்வர். அவரை, மொச்சை, சேம்பு, சேனை எனத் தொடங்கும் அந்த வரிசையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருக்கும். இங்குதான் வேடிக்கை. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வந்த பிறகே நம் நாட்டில் கால் ஊன்றியது. மிளகாயும் அவ்வழி வந்ததே. இராசராசன் மிளகாயைக் கண்டதில்லை. அவன் காலத்துக் கறியமுதின் காரம் மிளகே. பல திருக்கோயில் மடைப்பள்ளிகளில் மிளகாயைச் சேர்க்காமல் மிளகையே வைத்துக்கொண்டிருப்பது இப்பழைமையால்தான். மிளகாயை வாசலில் நிறுத்திய மடைப்பள்ளி, சர்க்கரைவள்ளியை மட்டும் நாட்டுக்காய் என்று நம்பி உள்ளே விட்டுவிட்டது. அதன் இனிப்பு அப்படி.

தஞ்சையைப் பற்றிப் பேசும்போது சாம்பாரை விடமுடியாது. மராட்டிய மன்னன் சகசியின் அரண்மனைக்குச் சிவாசியின் மைந்தர் சம்பாசி வந்தார் என்றும், மராட்டியப் புளிப்புப் பொருள் தீர்ந்துபோகப் புளி கரைத்துப் பருப்பில் விட்டனர் என்றும், விருந்தினர் பெயரால் அது சாம்பார் ஆயிற்று என்றும் ஒரு கதை எங்கும் வழங்குகிறது. சகசி ஆண்டது 1684 முதல் 1712 வரை; சம்பாசி 1689-இல் கொல்லப்பட்டார். இடைப்பட்ட ஐந்தாண்டில் முகலாயரோடு ஓயாது பொருதுகொண்டிருந்தவர் விருந்துண்ணத் தஞ்சைக்கு வந்ததற்கு அக்காலச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. மேலும், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் அம்பாசமுத்திரத்துத் திருக்கோயிலுக்கு வகுத்த அமுதுபடியில் காய்க்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி ஆகியவற்றோடு புளிங்கறியும் உண்டு. புளி கரைத்துக் கறி செய்யத் தமிழர்க்கு மராட்டியர் கற்பிக்கவேண்டிய நிலை இருந்ததில்லை. கறிக்கு இடும் பொருள்களைச் சம்பாரம் என்று சொல்வதும் மராட்டியர்க்கு முற்பட்ட வழக்கே. மராட்டியர் தஞ்சைக்குத் தந்தவை பல. சரசுவதி மகால் நூல்நிலையத்தின் வளம் ஒன்றே போதும். பருப்புக் குழம்பையும் அவர்கள் கணக்கில் ஏற்றவேண்டுவதில்லை.

எல்லா அமுதும் ஆனபின் வைப்பது இலையமுதும் அடைக்காயமுதும். சோழர் கல்வெட்டுகளில் வெற்றிலையும் பாக்கும் எண்ணிக்கையோடு வகுக்கப்பட்டுள்ளன. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கச் சான்று இப்போதுதான் வந்திருக்கிறது, இறைவன் ஏற்று ஆயிரம் ஆண்டாகிறது. காவிரி, அரசலாற்றுக் கரைகளில் அகத்தி நட்டு நிழல் செய்து, அதில் கொடி ஏற்றி வளர்க்கும் கொடிக்கால்கள் உண்டு. நெல்லறுக்க இப்போது எந்திரம் வந்துவிட்டது. கொடிக்காலில் அது நுழைவதில்லை. விடியுமுன் உள்ளே சென்று, ஒவ்வோர் இலையாகக் கையால் கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கி, ஈரத்துணி போர்த்திக் கூடையில் அனுப்புகின்றனர். அதில் ஒரு கவுளி திருக்கோயிலுக்கும் வருகிறது.